பத்து நாள்: ஒரு தீர்ப்பாயத் தலைவரின் பதவிக்காலம், பாகூர் அண்ணனின் வாய்தா

பாகூரில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். கூடப் பிறந்தவர் அல்ல. ஒரே சமயத்தில் அரசு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். அவர் இரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணன். அவருக்குத் தீர்ப்பாயம் ஒன்றில் வழக்கு நடந்தது. எந்தத் தீர்ப்பாயம், எதைப் பற்றிய வழக்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு தரப்பும் பேசி முடித்து, உத்தரவுக்காக ஒத்திவைத்தாயிற்று. ரிசர்வ் ஆகிவிட்டது, இனி அலைய வேண்டியதில்லை என்று அண்ணன் நிம்மதியாக இருந்தார். நாலு மாதம் கழித்து வக்கீல் குமாஸ்தா போன் செய்தார். வழக்கைக் கேட்டவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, உத்தரவு எழுதாமலே போய்விட்டார், அந்த நாற்காலிக்கு ஆள் வந்த பிறகு மறுபடி முதலிலிருந்து வாதம் என்றார்.

அன்று சாயங்காலமே மஞ்சள் பையில் வழக்குக் கட்டைப் போட்டுக்கொண்டு முதலியார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். காபியைத் தொடவில்லை. "ஏம்பா, நமக்கெல்லாம் சர்வீஸ் புக்கைத் திறந்தாலே ரிட்டயர்மென்ட் தேதி தெரிஞ்சிடும். இவங்களுக்கு யாரு, எதை வெச்சுத் தேதி போடறாங்க?" என்று கேட்டார்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் புதுச்சேரி அரசு அலுவலகங்களில் சம்பளப் பட்டியல் போட்டவன். ஆனால் அண்ணன் கேட்டது சட்டக் கேள்வி இல்லை, சம்பளப் பிரிவுக் கேள்விதான். சம்பளம் எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு, வீடு உண்டா, லீவு யார் கொடுப்பது, பதவி எந்தத் தேதியில் முடியும் என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்த வழியிலேயே தேடிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு நடந்தது போன்ற ஒரு விஷயம் டெல்லியில், ஒரு தீர்ப்பாயத்தின் தலைவருக்கே நடந்திருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த ஆய்வு.

2021 செப்டம்பர்

தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனி திவாலானால் யாருக்கு எவ்வளவு என்று நடக்கும் சண்டையில், உச்ச நீதிமன்றத்துக்கு முன்னால் கடைசியாக ஏறுகிற படி அது. புதுச்சேரியில் ஓர் ஆலை கைமாறும் வழக்கு என்றாலும் முதலில் சென்னையில் உள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், அப்புறம் இந்த மேல்முறையீடு. அதற்கும் இப்போது சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது.

2020 மார்ச்சில் அதன் தலைவர் நீதிபதி எஸ்.ஜே.முகோபாத்யாயா ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு நிரந்தரத் தலைவர் யாரையும் போடவில்லை. முதலில் நீதிபதி பன்சி லால் பட் பொறுப்புத் தலைவராக இருந்தார். 2021 ஏப்ரலில் அந்தப் பொறுப்பு நீதிபதி ஏ.ஐ.எஸ்.சீமாவிடம் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 2017 செப்டம்பரில் இந்தத் தீர்ப்பாயத்துக்கு உறுப்பினராக வந்தவர். 2021 செப்டம்பர் 20 வரை தனக்குக் காலம் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அரசின் கணக்கு வேறு. 2021 ஆகஸ்ட் 13-இல் தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. அதில் பதவிக்காலம் நான்கு ஆண்டு. 2017 செப்டம்பர் 11-இலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டு 2021 செப்டம்பர் 10-ஆம் தேதி முடிகிறது. எனவே 11-ஆம் தேதியிலிருந்து நீதிபதி எம்.வேணுகோபால் பொறுப்புத் தலைவர் என்று உத்தரவு வந்தது. இவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி.

சீமா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

இதை என் மச்சானிடம் சொன்னபோது சிரித்துவிட்டான். என் மனைவியின் தம்பி அவன். மஞ்சக்குப்பத்தில் இருக்கிறான், தமிழ்நாடு அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். "பத்து நாள் சம்பளத்துக்கா மாமா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு?" என்றான். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். தீர்ப்பாய உறுப்பினர் சம்பளம் மாதம் 2,25,000 ரூபாய். பத்து நாளைக்கு 75,000. உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடும் செலவுக்கே அது காணாது. பணம் மட்டும்தான் விஷயம் என்றால் 20-ஆம் தேதி வரை கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தாலே முடிந்திருக்கும்.

அவர் கையில் வாதம் முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைத்திருந்த வழக்குகள் இருந்தன. அந்தப் பத்து நாளில் அவற்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் ஒவ்வொன்றும் ரீ-ஹியரிங். கம்பெனி திவால் வழக்கில் மறுபடி முதலிலிருந்து என்றால், கடன் கொடுத்த பேங்கிலிருந்து சம்பளப் பாக்கிக்காக நிற்கிற தொழிலாளி வரை எல்லாரும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பாகூர் அண்ணனுக்கு நடந்தது இதுவேதான். ஒரே வித்தியாசம், அங்கே நாற்காலியில் இருந்தவரே எழுந்து கேட்டார்.

சீமாவுக்காக வாதாடியவர் சென்னை மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார். அரசுத் தரப்பில் தலைமை வழக்கறிஞர் கே.கே.வேணுகோபால். (பொறுப்புக்கு வந்தவர் ஒரு வேணுகோபால், அந்த உத்தரவுக்காக வாதாடியவர் இன்னொரு வேணுகோபால். பெயர்ப் பொருத்தம் அவ்வளவுதான்.) புதிய சட்டத்தில் எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்றது அரசு. அப்படியானால் அந்தச் சட்டத்துக்கு நாங்களே தடை போட வேண்டியிருக்கும் என்று தலைமை நீதிபதி என்.வி.ரமணா எச்சரித்தார். அதன் பிறகு வழக்கு ஒரே நாளில் முடிந்துபோனது. 20-ஆம் தேதி வரை சீமா தொடர்வார், தீர்ப்புகளைச் சொல்வார், அதுவரை புதியவர் விடுப்பில் இருப்பார் என்று அரசு ஒப்புக்கொண்டது.

சம்பளப் பிரிவில் இருந்தவனுக்கு இதில் கண்ணை உறுத்துவது அந்தக் கடைசி வரி. பொறுப்பேற்ற ஒருவரை விடுப்பில் அனுப்பி, பொறுப்பிலிருந்து இறக்கிய ஒருவரைத் திரும்ப உட்கார வைக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு இளநிலை எழுத்தருக்கு இப்படிச் செய்திருந்தால் ஆடிட்டில் நாலு பக்கம் கேள்வி எழுதியிருப்பார்கள்.

சம்பளச் சீட்டு

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம். தீர்ப்பாயத் தலைவருக்கு என்ன கொடுக்கிறார்கள்?

மத்தியத் தீர்ப்பாயங்களுக்கான விதிகளில் தலைவருக்கு மாதம் 2,50,000 ரூபாய், உறுப்பினருக்கு 2,25,000. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரிந்துவிடும். உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் 2,25,000. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கும் 2,50,000. 2016 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு 2018-இல் திருத்திய தொகைகள் இவை. அதற்கு முன்னால் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 80,000தான்.

இதைக் கேட்டதும் மச்சான் சொன்னது: "ரெண்டரை லட்சம், அப்புறம் என்ன குறை?" ஊரில் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் சம்பளப் பட்டியலில் முதல் வரியைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பிடித்தம் என்று அடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது.

தலைவராக வருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு ஏற்கெனவே ஓய்வூதியம் வருகிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 13,50,000, அதாவது மாதம் 1,12,500. தீர்ப்பாயச் சம்பளத்திலிருந்து இதைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. 2,50,000-இல் 1,12,500 போனால் தீர்ப்பாயம் கொடுப்பது 1,37,500. அகவிலைப்படியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதே நாற்காலிக்கு ஓய்வூதியம் எதுவும் இல்லாத ஒரு வழக்கறிஞர் வந்தால் அவருக்கு முழுத் தொகையும் தீர்ப்பாயத்திலிருந்தே வரும்.

இதில் இன்னொரு நுணுக்கம். கழிக்க வேண்டியது மொத்த ஓய்வூதியம். எங்கள் அலுவலகப் பேச்சில் மொத்தம் என்றால் கம்யூட் செய்வதற்கு, அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக ஒரே தடவையாகப் பணம் வாங்கிக்கொள்வதற்கு, முன்னால் இருந்த தொகை. ஓய்வு பெற்றபோது ஒரு பகுதியை கம்யூட் செய்து வீட்டுக் கடனை அடைத்திருப்பார். மாதாமாதம் கைக்கு வருவது குறைவாக இருக்கும். கழிப்பது மட்டும் முழுதாக இருக்கும். எங்கள் அலுவலகத்தில் மறுபணி நியமனம் பெற்று வந்த முன்னாள் ராணுவத்தினருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போது வராத சண்டையா இதில் வந்துவிடப் போகிறது!

வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்தக் கழிப்பில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கடைநிலை ஊழியர் மறுபணிக்கு வந்தால் அவருக்கு ஒரு கணக்கு, நீதிபதி வந்தால் வேறு கணக்கு என்று வைக்க முடியாது. ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பார்த்தால் பணியில் இருக்கும் நீதிபதிக்குச் சமமான தொகை கைக்கு வந்துவிடுகிறது. அந்த வேலைக்காகக் கூடுதல் ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது என்பதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆட்கள் வரத் தயங்குவது இங்கே இல்லை.

வீடு

அந்தத் தயக்கம் வீட்டில் ஆரம்பிக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ சொந்த வீட்டில் இருக்கும் 62 வயதுக்காரரை டெல்லிக்குக் கூப்பிடுகிறோம். பணியில் இருந்தவரை அரசு பங்களா இருந்தது. இப்போது அரசுக் குடியிருப்பு ஒதுக்கினால் ஒதுக்குவார்கள், இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி.

அந்தப் படியை மத்திய அரசு அதிகாரிக்குரிய சதவீதத்தில் போட்டால் எவ்வளவு வரும்? ஏழாவது ஊதியக்குழு கணக்கில் டெல்லி, சென்னை போன்ற பெருநகரத்துக்கு, அதாவது எக்ஸ் வகை நகரத்துக்கு, 2020-இல் 24 சதவீதம். 2,50,000-க்கு 60,000. நீதிபதியாக இருந்தவர் டெல்லியில் கோப்புகள் வைக்க ஓர் அறை, உதவியாளர் உட்கார ஓர் இடம், பாதுகாவலர் நிற்க ஒரு வாசல் என்று பார்த்தால் அந்தத் தொகைக்குக் கிடைக்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். (புதுச்சேரி ஒய் வகை. எங்களுக்கு அப்போது 16 சதவீதம், இப்போது 20. முத்தியால்பேட்டையில் மாடி போர்ஷனுக்கே அது போதாது என்பது வேறு கதை.)

2020 நவம்பர் 27-இல் மெட்ராஸ் பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் நேரடியாகவே கை வைத்தது. நல்ல வீடு கொடுங்கள். முடியாவிட்டால் 2021 ஜனவரி 1 முதல் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மாதம் 1,50,000, உறுப்பினருக்கு 1,25,000 வாடகைப்படி கொடுங்கள் என்றது. 60,000-க்கும் 1,50,000-க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு படியின் தொகையை நீதிமன்றமே ரூபாய்க் கணக்கில் எழுதிக் கொடுப்பது அபூர்வம். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. 2021 சட்டத்தில், அதே சம்பளம் வாங்கும் அரசு அதிகாரிக்கு என்ன படியோ அதுவே இவர்களுக்கும் என்று எழுதியது. வாடகைக்கு வீடு எடுத்தால் அதற்கு மேலும் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் விதிகளில் சொல்கிற வரம்புக்குள் என்று ஒரு வாலையும் சேர்த்தது. நீதிபதி போலச் சம்பளம், அதிகாரி போலப் படி. இவரை எந்தப் பட்டியலில் வைப்பது என்ற குழப்பம் அந்த ஒரு பிரிவிலேயே தெரிகிறது.

நான்கா, ஐந்தா

பதவிக்காலம்தான் எல்லாவற்றுக்கும் நடு. 2010-இலேயே நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மூன்று வருடம் போதாது, ஆள் வேலையைக் கற்றுக்கொள்வதற்குள் காலம் முடிந்துவிடும், ஐந்தோ ஏழோ வையுங்கள். 2017 நிதிச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளில் பல தீர்ப்பாயங்களுக்கு மறுபடி மூன்று. அந்த விதிகளை 2019 நவம்பர் 13-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2020 விதிகளில் நான்கு. நீதிமன்றம் ஐந்து என்றது. 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம்: நான்கு. ஜூலை 14-இல் நீதிமன்றம்: செல்லாது, ஐந்து. ஆகஸ்டில் சட்டம்: நான்கு.

சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற மாதிரி இருக்கிறதா? ஆகஸ்ட் சட்டத்தின் இந்த நான்கு வருடத்தில்தான் சீமாவின் பத்து நாள் மாட்டியது.

ஒரே ஒரு வருடத்துக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று அண்ணன் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதி 62-இல் ஓய்வு பெறுகிறார். தலைவராக 70 வயது வரை இருக்கலாம் என்று 2021 சட்டம் சொன்னது. நான்கு வருடம் என்றால் 66-இல் முடிகிறது. மிச்சம் நான்கு வருடத்துக்கு மறுநியமனம் கேட்கலாம். கேட்பது யாரிடம்? அதே அரசிடம். அந்தத் தீர்ப்பாயத்தில் வாரத்துக்கு நூறு வழக்கு வந்தால் பலவற்றில் எதிர்மனுதாரர் யார்? அதே அரசு.

வழக்கறிஞர்கள் பக்கம் இன்னும் மோசம். 50 வயதுக்குக் கீழே உள்ளவரைப் போடக் கூடாது என்றது 2021 சட்டம். 45 வயதில் நன்றாக ஓடுகிற பிராக்டிஸ் உள்ளவர் வர முடியாது. 50-இல் வருபவர் நான்கு வருடத்துக்காகக் கட்சிக்காரர்களையெல்லாம் அனுப்பிவிட்டு வர வேண்டும். 54-இல் வெளியே வந்து, தான் இருந்த தீர்ப்பாயத்திலேயே கறுப்புக் கோட்டுடன் நிற்கவும் முடியாது. புதுச்சேரியில் கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் ஜூனியராக இருக்கிற எங்கள் தெருப் பையனிடம் கேட்டேன், உன் சீனியர் போவாரா என்று. "அவர் கட்டை விட்டா அடுத்த நாளே வேற ஆபீஸுக்குப் போயிடும் சார்" என்றான். கட்டு என்றால் கேஸ் கட்டு.

அரசுத் தரப்பையும் சொல்லியாக வேண்டும். சம்பளம், வயது, காலம் எல்லாம் கொள்கை முடிவு. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் நான்கு என்றால் நான்குதான், ஐந்து என்று திருத்த நீதிமன்றம் யார் என்பது அவர்கள் வாதம். 2021 ஜூலைத் தீர்ப்பில் நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவும் எஸ்.ரவீந்திர பட்டும் ஒரு பக்கம் நிற்க, நீதிபதி ஹேமந்த் குப்தா மாறுபட்டு எழுதினார். அந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். எந்த ஊழியனுக்கும் சம்பளம் நிர்ணயிப்பது முதலாளிதானே. ஆனால் இந்த ஊழியர் முதலாளியின் மேலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். அந்த இடத்தில் என் பழைய விதிப் புத்தகம் உதவவில்லை.

ஆள் தேர்விலும் இதே கதை. தேர்வுக்குழு ஒரு பதவிக்கு இரண்டு பெயர் கொடுக்க வேண்டும், அதில் அரசு எடுத்துக்கொள்ளும், முடிந்தவரை மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யும் என்றது சட்டம். முடிந்தவரை என்ற வார்த்தை கோப்பில் வந்தால் என்ன ஆகும் என்று அரசு அலுவலகத்தில் இருந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

லீவு

சின்ன விஷயம், ஆனால் என் மனதில் ஒட்டிக்கொண்டது. 2020 விதிகளின்படி உறுப்பினர்களுக்கு விடுப்பு அனுமதிப்பவர் தலைவர். தலைவருக்கு? மத்திய அரசு. வெளிநாடு போக அனுமதியும் அங்கிருந்துதான். ஒரு தலைவர் காலையில் அரசுக்கு எதிராக உத்தரவு போட்டுவிட்டு மத்தியானம் பேத்திக் கல்யாணத்துக்கு அந்த அரசிடமே லீவு எழுதிப் போட வேண்டும். கொடுத்துவிடுவார்கள்தான். ஆனாலும் அந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது.

1997-இலேயே எல்.சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் இதைச் சொன்னார்கள்: தீர்ப்பாயங்களைக் கவனிக்கத் தனியாக ஓர் அமைப்பு வேண்டும், அது வரும்வரை எல்லாவற்றையும் சட்ட அமைச்சகத்தின் கீழ் வையுங்கள் என்று. அந்த ஆண்டு பிறந்த பிள்ளை வக்கீலாகவே ஆகியிருக்கும்.

பாகூரும் மஞ்சக்குப்பமும்

இதெல்லாம் டெல்லி விவகாரம், நமக்கென்ன என்று மச்சான் கேட்கலாம். அவனுக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை. கடலூரில் தமிழ்நாடு அரசு ஊழியருக்குப் பணி தொடர்பான வழக்கு என்றால் சென்னை உயர் நீதிமன்றம். ஒரு காலத்தில் மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. அதைக் கலைத்துப் பல வருடம் ஆகிறது. தென்பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம், பாகூரில் வேலை பார்க்கும் புதுச்சேரி அரசு ஊழியருக்கு அதே வழக்கு என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அதற்கு மேல்தான் உயர் நீதிமன்றம். பேங்க் கடன் என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம், ஏரியிலோ ஆற்றிலோ கழிவு விட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கம்பெனி என்றால் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். எல்லாம் சென்னையில். இவற்றில் எந்த நாற்காலி காலியானாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலை பஸ் ஏறுகிற ஆட்களில் சிலர் வெறும் வாய்தாவோடு திரும்புவார்கள்.

எல்லாத் தீர்ப்பாயமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விபத்து இழப்பீட்டுக்குக் கடலூரிலோ புதுச்சேரியிலோ மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிறோமே, அங்கே உட்கார்ந்திருப்பவர் வழக்கமான நீதிபதி; அந்த அறையிலேயே இன்னொரு தொப்பி போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். தொழிலாளர் நீதிமன்றத்திலும் பெரும்பாலும் மாவட்ட நீதிபதி நிலையில் பணியில் இருப்பவர். இவர்களுக்குச் சம்பளம் நீதித்துறை ஊதிய ஆணையம் சொன்னபடி, இடமாற்றம் உயர் நீதிமன்றம் சொன்னபடி, ஓய்வுத் தேதி எல்லாருக்கும் தெரிந்தபடி. இவர்களில் யாரும் பத்து நாளுக்காக வழக்குப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் வருகிறார். நாற்காலி மாதக்கணக்கில் காலியாக இருப்பதும் குறைவு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் சாதாரண நீதிமன்றத்துக்கே த்ரிபுனால் என்றுதான் பெயர். 1962 சட்டத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்து, கோர்ட் என்று ஆனது. இப்போது அந்தப் பழைய வார்த்தை வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

2025 நவம்பர்

2025 நவம்பர் 19-இல் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாயும் நீதிபதி கே.வினோத் சந்திரனும் 2021 சட்டத்தின் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தார்கள். நான்கு வருடம், 50 வயது, இரண்டு பெயர்ப் பட்டியல், படி, எல்லாமே போயிற்று. ஏற்கெனவே ரத்து செய்ததைக் கொஞ்சம் ஒட்டு வேலை செய்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். புதுச் சட்டம் வரும்வரை முந்தைய தீர்ப்புகளில் சொன்ன ஐந்து வருடம் முதலான விஷயங்கள் தொடரும் என்றார்கள். தேசியத் தீர்ப்பாயங்கள் ஆணையம் ஒன்றை நான்கு மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவு. 1997-இல் கேட்ட அதே தனி அமைப்புதான்.

அண்ணனிடம் இதையெல்லாம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். சம்பளக் கணக்கை அக்கறையாகக் கேட்டார், வீட்டு வாடகைக்கு உச் கொட்டினார். நான்கு, ஐந்து என்று நான் வரிசையாகச் சொன்னபோது விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சீமா கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். "அந்தப் பத்து நாளில் எல்லாத் தீர்ப்பையும் சொல்லிட்டாரா?" என்று கேட்டார். அதற்காகத்தான் விட்டார்கள் அண்ணே என்றேன்.

அவர் வழக்குக்குப் புதியவர் வந்தார். வாதம் மறுபடி முதலிலிருந்து நடந்தது. இந்த முறை குமாஸ்தாவிடம் அண்ணன் முதலில் கேட்டது அடுத்த வாய்தா எப்போது என்று அல்ல. வந்திருப்பவருக்கு எந்தத் தேதி வரை என்று. போன மாதம் மறுபடி ரிசர்வ் ஆகியிருக்கிறது. மஞ்சள் பையை அவர் பாகூருக்கு எடுத்துப் போகவில்லை. எப்படியும் திரும்ப எடுத்து வரணும் என்று என் வீட்டு அலமாரி மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.